ரிமோட் ஷட்டருக்கு முன்னால் ஒரு திட்டிவாசல்

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற எங்க சொந்தக்காரப் பிள்ளைகள் இப்போது ஒவ்வொருத்தராக ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றி அப்பா விட்டுவிட்டுப் போன மனையில் வீடு எழும்புகிறது. வீடு வந்தால் கார் நிறுத்த ஒரு கொட்டாய், அதுக்கு ஒரு ஷட்டர், அந்த ஷட்டருக்கு ஒரு ரிமோட். கடைசியில் எனக்கு போன் வரும்: "மாமா, எந்த கம்பெனி மோட்டார் நல்லது?"

கம்பெனி பேரை கடைசியாகக் கேளுங்க என்பேன். முதலில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கரண்ட் இல்லாத ராத்திரியில் அந்த வீட்டில் யார் இருப்பாங்க? பெரும்பாலும் பதில் தெரிந்ததுதான். பிள்ளை சனி ஞாயிறு வருவான். மீதி ஐந்து நாளும் எழுபது வயசு அப்பாவும் அம்மாவும்தான். மோட்டார் வாங்குவது ஒருத்தர், அதோடு குடித்தனம் பண்ணுவது வேற ஒருத்தர்.

யூடியூபில் பார்க்கிற கராஜ் கதவு வேற, நம்ம ஷட்டர் வேற. அமெரிக்காவில் கதவு நாலைந்து பலகையாக மடிந்து, தண்டவாளத்தில் ஏறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். மோட்டார் கூரை நடுவில் தொங்கும். நம்மூரில் தகட்டுப் பட்டிகள் வாசலுக்கு மேலே இருக்கிற உருளையில் சுருண்டுகொள்ளும். மோட்டார் உருளைக்குப் பக்கத்திலோ உள்ளேயோ உட்காரும். அதனால் அங்கே சொல்கிற "பெல்ட் நல்லதா, செயின் நல்லதா" என்ற வாதம் நமக்கு அவ்வளவாக உதவாது. இன்னும் சிலர் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் போட்டிருக்கிற மோட்டாரையே வீட்டுக்கும் கேட்கிறார்கள். கடை ஷட்டர் காலையில் ஒரு தடவை ஏறும், ராத்திரி ஒரு தடவை இறங்கும். கரண்ட் போனால் சங்கிலி இழுக்க நாலு பையன்கள் இருப்பார்கள். வீட்டில் பால்காரர், ஸ்கூட்டர், கார் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும், இழுக்க ஆளும் இருக்காது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்க பக்கத்தில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா முற்றத்து ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கார் கொட்டாய்க்குள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ஆசையாகப் போட்டுக்கொடுத்த ரிமோட் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மோட்டாருக்குள் ஒரு பிரேக் இருக்கும். கரண்ட் நின்றதும் அது உருளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஷட்டர் சடாரென்று விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதே பிரேக்தான் அன்றைக்கு நாலு ஆள் சேர்ந்து தூக்கியும் அசையவிடவில்லை. கையால் சுற்றித் திறக்கிற கைப்பிடி ஒன்று உண்டு. அதை மோட்டார் மாட்டினவர் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார், பிள்ளை சென்னை ஃப்ளாட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்! கடப்பாரையால் பக்கவாட்டுச் சேனலைப் பிய்த்து ஷட்டரைச் சரித்து காரை வெளியே எடுக்கும்போது பொழுது போய்விட்டது. பெரியம்மா பிழைத்துக்கொண்டார், இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மாட்டினவர் மோசமானவர் இல்லை. கரண்ட் போனால் என்ன என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது பட்டிக்காட்டுக் கதை என்று நினைக்காதீங்க. 2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது கரண்ட் போய், கராஜ் கதவைத் தூக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களில் சிலர் செத்தே போனார்கள். வயதானவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். அதுக்கப்பறம் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 2019 ஜூலை 1 முதல் அங்கே வீடுகளுக்கு விற்கிற கராஜ் மோட்டாரில் பேட்டரி இருந்தே ஆகணும். நம்மூரில் அப்படிக் கட்டாயப்படுத்துகிற சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நாமே கேட்டு வாங்கலாம்.

காஞ்சிபுரம் கோயில் ஊர். கோபுர வாசலில் ஆளுயரத்துக்கு நாலு மடங்கு இருக்கிற பழைய மரக்கதவுகளைப் பார்த்திருப்பீங்க. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கதவு செய்தவர்கள் அதிலேயே குனிந்து நுழைகிற மாதிரி சின்னக் கதவு ஒன்று வைப்பார்கள். அதற்குத் திட்டிவாசல் என்று பேர். யானை போகிற கதவை ஒரு ஆள் போவதற்காகத் திறக்க வேண்டியதில்லை. என் முதல் யோசனை அதுதான். ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டரை அடிக்கு ஒரு சாதாரணக் கதவு வையுங்க. மேஸ்திரி "ஷட்டருக்குள்ளேயே வெட்டி வச்சிடலாம் சார்" என்பார். மோட்டார் ஷட்டரில் அது வேண்டாம். சின்னக் கதவு திறந்திருக்கும்போது யாராவது பட்டனை அழுத்தினால் தகடு நெளிந்துவிடும்.

அது ஆளுக்கு. காருக்கு வழி, கையால் திறக்கிற ஏற்பாடு. பக்கவாட்டில் மாட்டுகிற மோட்டாரில் கைச்சங்கிலி தொங்கும், இழுத்தால் மெதுவாக ஏறும். உருளைக்குள்ளேயே போகிற குழாய் மோட்டாரில் கொக்கி போட்டுச் சுற்றுகிற கைப்பிடி இருக்கும், ஆனால் சில மலிவு மாடல்களில் அது கிடையாது. நடு உருளையில் உட்காருகிற வகையில் பிரேக்கை விடுவிக்க ஒரு கம்பி வரும், ஸ்பிரிங் சரியாக இருந்தால் அப்பறம் கையாலேயே தூக்கிவிடலாம். எதை எடுத்தாலும் சரி, பணம் கொடுப்பதற்கு முன்னால் மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. வீட்டிலேயே வயசான ஆளைக் கூப்பிட்டு அவங்க கையாலேயே திறக்கச் சொல்லுங்க. அவங்களால் முடியவில்லை என்றால் அந்த மோட்டார் அந்த வீட்டுக்கு ஆகாது. கைப்பிடியை ஷட்டருக்கு உள்பக்கச் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டுங்க. திட்டிவாசல் இருந்தால் வெளியே இருக்கிறவரும் உள்ளே வந்து எடுக்க முடியும்.

"இன்வெர்ட்டர் இருக்கே மாமா" என்பார்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட இன்வெர்ட்டர் அது. இந்த மாதிரி மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே படுத்துவிடும். அதைவிட, 24 வோல்ட் டிசி மோட்டாரும் அதோடேயே வருகிற பேட்டரியும் தேவலாம்.

இன்னொரு சங்கதி வோல்டேஜ். கிராமத்து லைன் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு இது தெரியும். சாயங்காலம் பல்பு மங்கும், மிக்ஸி முனகும். 230 வரவேண்டிய இடத்தில் 170 வந்தால் கால்வாசிதானே குறைவு என்று தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட ஏசி மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தக்கபடி குறையும். 170-க்கு ஏறக்குறைய பாதி பலம்தான் மிஞ்சும். ஷட்டர் நகராது, மோட்டார் உறுமிக்கொண்டே சூடாகும். அதனால் ஷட்டர் எடை எவ்வளவோ அதற்குச் சரியாக மோட்டார் எடுக்காதீங்க. 300 கிலோ தூக்குகிற மோட்டார் போதும் என்று கணக்கு வந்தால் 500 எடுங்க. கழனியில் ஷெட் போடுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. இலவச மின்சாரம் பம்ப்செட்டுக்குத்தான். அந்த இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து ஷட்டருக்கு மாட்டிவிட்டு அப்பறம் அபராதம் கட்டிக்கொண்டு நிற்காதீங்க.

இனி வெயில். கத்திரியில் எங்க பக்கம் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். வெளியே 40 என்றால் தகரக் கூரைக்கு ஒரு அடி கீழே எவ்வளவு இருக்கும்? மத்தியானம் ஏணி போட்டு ஏறி அங்கே இருக்கிற இரும்பைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாது. கொட்டாயிலேயே அதிகம் கொதிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேதான் மோட்டாரை மாட்டுகிறோம்! இந்த மோட்டார்கள் விடாமல் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை இல்லை. குழாய் மோட்டார்கள் பெரும்பாலும் நாலு நிமிஷம் தொடர்ந்து ஓடினால் உள்ளே இருக்கிற சூட்டுக் காப்பு கட் பண்ணிவிடும், ஆறினால்தான் திரும்ப ஓடும். மே மாதத்தில் ஆறுவதற்கு எங்கே போகும்? விருந்தாளிப் பிள்ளைகள் வந்து ரிமோட்டை வைத்து விளையாடினால் அன்றைக்கு மத்தியானம் ஷட்டர் வேலைநிறுத்தம்தான். பெட்டியின் மேல் எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும் என்று அச்சடித்திருக்கும். 40 என்று போட்டிருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாங்க.

கெபாசிடரும் பேட்டரியும் சூட்டில் சீக்கிரம் போய்விடும். லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே பேட்டரியையும் கன்ட்ரோல் பெட்டியையும் மோட்டார் பக்கத்தில் மேலே மாட்டச் சொல்லாதீங்க. ஒயர் கொஞ்சம் நீளமானாலும் பரவாயில்லை, வெயில் படாத பக்கச் சுவரில், மார்பு உயரத்தில் இருக்கட்டும். தகரத்துக்குக் கீழே கீற்றோ வேறு ஏதாவது தடுப்போ போட்டால் மோட்டாருக்கும் நல்லது, காருக்கும் நல்லது.

வெயிலைவிட எனக்குப் பயம் ஐப்பசி கார்த்திகைதான். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டுக்குப் போனால் ஈரம் என்றால் என்ன என்று அவங்க சொல்வாங்க. மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணி ஊறும், பாவு நமுத்துப்போகும், தறி நிற்கும், அந்த வாரம் கூலி இல்லை. பட்டு நூலுக்கு ஆகிற அதே நமுப்பு மோட்டார் பெட்டிக்குள்ளேயும் ஆகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் "ஐபி 54 சார், தண்ணி உள்ள போகாது" என்பார். சரிதான். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் மேலே தெறிக்கிற தண்ணிக்கு. ஆனால் எங்க ஊரில் தண்ணி தெறித்து உள்ளே போவதில்லை, காற்றாகப் போகிறது. பகலில் பெட்டி சூடாகி உள்காற்று வெளியேறும். ராத்திரி குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அது உள்ளேயே வேர்த்து, சர்க்யூட் போர்டு மேல் சொட்டும். ஒயர் பெட்டிக்குக் கீழிருந்துதான் நுழையணும். நுழைவதற்கு முன்னால் கொஞ்சம் தொங்கவிட்டு ஏற்றணும், அப்போதுதான் ஒயர் வழியாக வருகிற தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நுழைகிற ஓட்டையைச் சுற்றி ரப்பர் இறுக்கமாக இருக்கணும். இது தண்ணிக்கு மட்டும் இல்லை. எறும்புக்கும் பல்லிக்கும் அந்தப் பெட்டியின் இளஞ்சூடு ரொம்பப் பிடிக்கும். எங்க பக்கத்து மெக்கானிக்குகளைக் கேட்டால் மழைக்காலத்தில் பாதிப் பெட்டியில் செத்த பல்லிதான் என்பார்கள். சைடு சேனலில் குளவி மண்கூடு கட்டும், சுருண்ட ஷட்டருக்குள் அணில் நார் சேர்க்கும். அணில் கூட்டை எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை.

ஈசிஆரில் வீடு கட்டுகிறவர்களுக்குக் கடல் உப்புதான் எதிரி. காஞ்சிபுரம் வரைக்கும் அது அவ்வளவு வராது. ஆனால் நாமே உப்பை வாங்கி உள்ளே அடுக்குகிறோம்! சம்பாவுக்கு வாங்கின பொட்டாஷ் மூட்டை ஷட்டர் ஓரமாகத்தான் கிடக்கும். பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு, ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். பக்கத்திலேயே மாட்டுக்கொட்டாய் இருந்தால் கோமியத்திலிருந்து கிளம்புகிற அமோனியா, செம்புக் கம்பிகளையும் பித்தளை கான்டாக்டுகளையும் அரிக்கும். லிமிட் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது, ஷட்டர் மேலே எங்கே நிற்கணும், கீழே எங்கே நிற்கணும் என்று சொல்வது அதுதான். அதில் பச்சை பூத்தால் ஷட்டர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. உர மூட்டையை வேற அறைக்கு மாற்றுங்க, முடியாவிட்டால் மரச்சட்டம் போட்டு எதிர்ச் சுவரோரம் அடுக்குங்க. பண்ணை வீடு வைத்திருக்கிற சிட்டிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

தகடு வாங்கும்போது வெறும் "ஜிஐ" என்ற வார்த்தையோடு திருப்தியாகாதீங்க. ஜிங்க் பூச்சு எத்தனை ஜிஎஸ்எம் என்று கேளுங்க. 120-ம் உண்டு, 275-ம் உண்டு. சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அத்தனை கிராம் ஜிங்க் என்று அர்த்தம். எங்க ஈரத்துக்கு 275 கேட்டு வாங்கலாம். வெல்டு வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். ஜிங்க் பெயின்ட் அடிக்காமல் ஆளை அனுப்பாதீங்க. சைடு சேனலில் கிரீஸ் அப்புவது எங்க ஊர்ப் பழக்கம். அறுப்பு நேரத்தில் அதில் உமித் தூசி ஒட்டி, பிசைந்த களி மாதிரி ஆகிவிடும். சேனலைத் துணியால் துடைத்து மெழுகு தடவினால் போதும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஸ்பிரிங். ஸ்பிரிங் வைத்த ஷட்டரை மோட்டார் இணைக்காமல் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி விட்டுப் பாருங்க. அங்கேயே நிற்கணும். சரிந்து விழுந்தால் ஸ்பிரிங் வேலையையும் சேர்த்து மோட்டார் செய்யப்போகிறது, அது சீக்கிரமே படுத்துவிடும். ஸ்பிரிங் இல்லாமல் முழுப் பாரத்தையும் மோட்டாரே தூக்குகிற பெரிய ஷட்டர் என்றால் கைச்சங்கிலியும், செயின் அறுந்தால் பிடித்து நிறுத்துகிற தனி பிரேக்கும் இல்லாமல் வாங்கவே கூடாது.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தானாக மூடின கராஜ் கதவுகளுக்கு அடியில் குழந்தைகள் சிக்கிச் செத்தார்கள். அதுக்கப்பறம்தான் 1993 ஜனவரி முதல் அங்கே தயாராகும் வீட்டு கராஜ் மோட்டாரெல்லாம், இடையில் ஏதாவது சிக்கினால் திரும்ப மேலே போகணும் என்று கட்டாயமாக்கினார்கள். நம்மூரில் அந்த சென்சாரைத் தனி அயிட்டமாக விலை சொல்லி, "வேணுமா சார்?" என்று கேட்கிறார்கள். வேணும். தரையிலிருந்து அரை அடிக்குள் இருக்கணும், ஆட்டுக்குட்டியும் தவழுகிற பிள்ளையும் அந்த உயரம்தான். சிலந்தி வலை கட்டினால் ஷட்டர் மூடாமல் அடம்பிடிக்கும், எரிச்சலாக இருக்கும். துடைத்துவிடுங்க, ஒயரைப் பிடுங்கிப் போடாதீங்க. சென்னையிலிருந்து போனில் ஷட்டரை மூடுகிற ஆப் வசதி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஷட்டருக்கு அடியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் எழுபது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பட்டன் அழுத்துவது என்ன வசதி? ரிமோட் எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் குறி மாறுகிற ரோலிங் கோடு வகைதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்க. ஒரே குறியை அனுப்புகிற பழைய வகையை எளிதாகக் காப்பி அடித்துவிடலாம்.

இவ்வளவு சொல்கிறேனே, மோட்டாரே வேண்டாம் என்கிறேனா? எங்க வீட்டுக்காரம்மா விடமாட்டாங்க. "இருபது வருஷமா தூக்கித் தூக்கித் தோள்பட்டை போச்சு. நீங்க கழனிக்குப் போயிடுவீங்க, பால் சொசைட்டி வண்டி வந்தா ஷட்டரைத் தூக்குறது யாரு?" நியாயமான கேள்வி. துரு ஏறின ஷட்டரைக் குனிந்து தூக்குவது வயசான பெண்களுக்கு உண்மையான கஷ்டம், அந்த ஒரு காரணத்துக்காகவே மோட்டார் போடலாம். டிராக்டர் ஷெட்டுக்கு நான் கியரும் கைச்சங்கிலியும்தான் வைத்திருக்கிறேன், அங்கே அவசரம் கிடையாது. வீட்டு ஷட்டருக்கு வருகிற தையில் 24 வோல்ட் மோட்டார் வரப்போகிறது. திட்டிவாசலுக்கு மேஸ்திரி போன வாரமே சுவரை உடைத்துவிட்டார்.

எந்த கம்பெனி என்று இப்போது கேட்கலாம். காஞ்சிபுரத்திலோ வாலாஜாபாத்திலோ ஆள் வைத்திருக்கிற, கெபாசிடரும் லிமிட் சுவிட்சும் கடையில் ஸ்டாக் வைத்திருக்கிற கம்பெனி எதுவோ அது. புயல் அடித்த மறுநாள் சென்னையிலிருந்து சர்வீஸ் வண்டி வராது, சென்னையிலேயே ஆயிரம் ஷட்டர் மாட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாசமும் அமாவாசைக்கு வீட்டைக் கழுவும்போது மெயினை ஆஃப் பண்ணி, பேட்டரியில் ஒரு தடவை, கையால் ஒரு தடவை அம்மாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. போனில் கேளுங்க, திறந்ததா என்று.